டார்ச் ரிப்போர்ட்டில் ஹெர்பிஸ் ‘பாசிட்டிவ்’. கணவர் என்னோடு பேசுவதில்லை, டாக்டர்

கேள்வி: எனக்கு 27 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு மாதங்களுக்கு முன் முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதன்பின் சில தொற்றுகளைப் பார்க்கும் டார்ச் என்ற ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். அதில் ‘ஹெச்எஸ்வி 1 & 2: ஐஜிஎம் 1.24 பாசிட்டிவ், ஐஜிஜி 6.8 பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட் கணவரின் வாட்ஸ்அப்புக்குத்தான் வந்தது. அவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இது பாலியல் நோய் என்று மாமியாரிடமும் சொல்லிவிட்டார். கணவரும் டெஸ்ட் எடுத்தார், இரண்டுமே நெகட்டிவ். “எனக்கு இல்லாதது உனக்கு எப்படி வந்தது?” என்று ஒரே ஒருமுறை கேட்டார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. பிறப்புறுப்பில் எனக்குப் புண்ணோ கொப்புளமோ ஒருநாளும் வந்ததில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வரும், அவ்வளவுதான். வேறு யாரோடும் எனக்குத் தொடர்பு இருந்ததில்லை. கரு கலைந்தது இதனால்தானா? தினமும் இரண்டு வேளை அசைக்ளோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிட வேண்டுமா? மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா? அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் தவறு செய்தீர்கள் என்று சொல்லும் எதுவும் அந்த ரிப்போர்ட்டில் இல்லை. உங்கள் கணவர் தவறு செய்தார் என்று சொல்வதற்கும் அதில் ஒன்றுமில்லை. உங்கள் கரு கலைந்ததற்கும் அந்த எண்களுக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. முதலில் இந்த மூன்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் (ரிப்போர்ட்டில் ‘ஹெச்எஸ்வி’ என்று இருப்பது) இரண்டு வகை உண்டு. டைப் 1 பெரும்பாலும் வாயையும் உதட்டையும் சேர்ந்தது. டைப் 2 பெரும்பாலும் பிறப்புறுப்பைச் சேர்ந்தது, உடலுறவில் பரவுவது. (நம் ஊரில் அக்கி என்று சொல்வது வேறு வைரஸ். சின்னம்மை போட்டவர்களுக்குப் பல வருடம் கழித்து வருவது அது. ஆங்கிலப் பெயரில் அதற்கும் ‘ஹெர்பிஸ்’ என்று இருப்பதால் இணையத்தில் தேடுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.) டைப் 1 குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். பாட்டி கொஞ்சுவார், அத்தை முத்தம் கொடுப்பார், யாரோ ஒருவர் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு வைரஸ் இருக்கும், குழந்தைக்குத் தொற்றிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவீதத்தினருக்கு, டைப் 1 தொற்று இருக்கிறது. டைப் 2 இருப்பவர்கள் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேர், 13 சதவீதம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் மிக முக்கியமான வரி. சின்ன வயதில் காய்ச்சலுக்கு அப்புறம் உதட்டோரம் கொப்புளம் வரும் என்கிறீர்கள். வீட்டில் அதை உடம்புச் சூடு என்றோ, ஏதோ பூச்சியின் எச்சில் பட்டுவிட்டது என்றோ சொல்லியிருப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப உதட்டோரம் வருவது பெரும்பாலும் டைப் 1 ஹெர்பிஸ்தான். அந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நரம்புமுடிச்சில் போய்த் தங்கிவிடும். அதற்கு எதிராக உடல் தயாரிக்கும் ஆன்டிபாடி காலம் முழுக்க ரத்தத்தில் இருக்கும். இருபது வருடம் கழித்து ரத்தம் எடுத்தாலும் ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ என்றுதான் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஹெச்எஸ்வி 1 & 2’ என்று இரண்டு டைப்பையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். டைப் 1 மட்டும் இருந்தாலும் பாசிட்டிவ், டைப் 2 மட்டும் இருந்தாலும் பாசிட்டிவ், இரண்டும் இருந்தாலும் பாசிட்டிவ். எது என்று அந்த டெஸ்டால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கதையைக் கேட்ட பிறகு, அந்த 6.8 நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து உதட்டுக் கொப்புளத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1.24, 6.8 என்பதெல்லாம் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. எலைசா முறையில் உங்கள் ரத்தத்தின் நீரை ஒரு தட்டில் விட்டு வினை நடக்கச் செய்வார்கள், நிறம் மாறும். அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி படிக்கும். அதை ஒரு வரம்போடு ஒப்பிட்டு வரும் விகிதம்தான் அந்த எண். பல கிட்களில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 1.1க்கு மேலே பாசிட்டிவ், இடைப்பட்டது சந்தேகம் என்று வைத்திருக்கிறார்கள். லேபுக்கு லேப், கருவிக்குக் கருவி இது மாறும். அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று சொல்லக் கூடாது.

சரி, ஐஜிஎம்? அதுவும் ஒரு வகை ஆன்டிபாடிதான். உங்கள் வீட்டில் நெருப்பு வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று, ஐஜிஜி வந்தால் பழைய தொற்று என்று ஒரு பாடம் உண்டு. ரூபெல்லா போன்ற சில நோய்களில் அது ஓரளவு உதவும். ஹெர்பிஸில் அது காலை வாரிவிடும். பழைய வைரஸ் லேசாக மறுபடி கிளம்பினாலும் ஐஜிஎம் தலைகாட்டும். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்களின் ஆன்டிபாடியைப் பார்த்தும் டெஸ்ட் ஏமாறும். டைப் 1, டைப் 2 என்று பிரிக்கவும் அதற்குத் தெரியாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் டெஸ்ட் எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதிலும் உங்களுடையது 1.24, வரம்பைச் சற்றே தாண்டிய எண். என் மேஜைக்கு இந்த ரிப்போர்ட் வந்தால் ஐஜிஎம் வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

இதை நான் பிறவியிலேயே தெரிந்துகொண்டவன் இல்லை. மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில் இப்படி ஒரு ஐஜிஎம்மை நம்பி, ‘சமீபத்தில் வந்த தொற்று’ என்று ஒரு தம்பதியின் முன்னாலேயே சொன்னேன். ‘சமீபத்தில்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு லேபில் எடுத்தபோது ஐஜிஎம் நெகட்டிவ். முன்பு வந்தது பொய்யான பாசிட்டிவ் என்று இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அந்த மூன்று மாதத்தை என்னால் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்து, “எனக்கு இல்லாதது உனக்கு எப்படி வந்தது?” என்ற கேள்வி. உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்கே சொல்கிறேன். தம்பி, இந்த வைரஸ் உங்கள் மனைவிக்கு ஐந்து வயதில் வந்திருந்தால், அது உங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையில் யார் வீட்டில் யார் கொஞ்சினார்கள் என்பதைப் பொறுத்தது அது. உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை, அவர் வீட்டில் நடந்திருக்கிறது. ஒன்றரை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் உங்களுக்குத் தொற்றாமல் இருப்பதிலும் அதிசயம் இல்லை. உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில்தான் அது எளிதாகப் பரவும், மற்ற நாட்களில் வாய்ப்புக் குறைவு. உங்கள் நெகட்டிவையும் கல்வெட்டு போல நம்ப வேண்டாம். டைப் பிரித்துச் சொல்லும் டெஸ்ட்கள்கூட டைப் 1 இருப்பவர்களில் பத்தில் மூன்று பேரைத் தவறவிடுகின்றன. ஒரு ஆன்டிபாடி டெஸ்டுக்கு வைரஸ் எந்த வருடம் வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எங்கே இருக்கிறது என்று எதுவுமே தெரியாது. எப்போதோ ஒருநாள் அதைச் சந்தித்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதே ரிப்போர்ட்டை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். டார்ச்சில் ரூபெல்லா ஐஜிஜி, சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஜி என்று இரண்டு வரிகள் இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அவையும் பாசிட்டிவாகத்தான் இருக்கும். ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் உங்கள் மனைவிக்கு அந்த நோய் எதிர்ப்பு இருக்கிறது, கர்ப்ப காலத்துக்கு நல்ல செய்தி. அந்தப் பாசிட்டிவைப் பார்த்து யாரும் யாரையும் சந்தேகப்படவில்லையே? அதே மாதிரியான டெஸ்ட்தான் ஹெர்பிஸுக்கும் எடுத்திருக்கிறார்கள்.

கரு கலைந்தது பற்றி. சகோதரி, ஒன்பதாவது வாரத்தில் போன அந்தக் குழந்தைக்காக நீங்கள் அழுதிருப்பீர்கள். அந்தத் துக்கத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் தற்செயலாக நேர்ந்த பிழைதான் காரணம். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, ஸ்கூட்டியில் போனது எதுவும் காரணமில்லை.

டார்ச் டெஸ்டைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரை 1971இல் வைத்தவர் ஆந்த்ரே நாமியாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும். வயிற்றிலோ பிரசவத்திலோ தொற்றி, பிறந்த குழந்தையைப் பாதிக்கும் சில கிருமிகளின் முதல் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய பெயர் அது. அதாவது நோயோடு பிறந்த குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் நினைவுக்காக. அது எப்படியோ நம் ஊரில், கரு கலைந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுதும் வழக்கமான டெஸ்டாக மாறிவிட்டது. திரும்பத் திரும்பக் கரு கலைபவர்களுக்குக்கூட இந்த டெஸ்டை வழக்கமாக எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2011இலேயே சொல்லிவிட்டது. உங்களுக்குக் கலைந்ததோ ஒரே ஒரு முறை. டெஸ்ட் எழுதிய மருத்துவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஆனால் விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் அந்த ரிப்போர்ட் நேராக வாட்ஸ்அப்பில் போய் இறங்கியதுதான் பெரிய கொடுமை. உங்கள் ரிப்போர்ட் உங்களுடையது. இனிமேல் லேபில் உங்கள் எண்ணையே கொடுங்கள்.

மாத்திரை. பிறப்புறுப்பில் உங்களுக்குப் புண் இல்லை, முன்பும் வந்ததில்லை. ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக அசைக்ளோவிர் எழுதியிருந்தால், அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே தவிர, நரம்பில் தூங்குவதை வெளியேற்றாது, ஐஜிஜியை நெகட்டிவ் ஆக்காது. எழுதிக் கொடுத்தவரிடம் ஒருமுறை நேரில் கேளுங்கள்: “எனக்குப் புண் எதுவும் இல்லையே, எதற்காக இந்த மாத்திரை?” வேறு காரணம் இருந்தால் சொல்வார். இல்லையென்றால் அவரே நிறுத்திவிடுவார்.

மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா என்றால், அதே ‘1 & 2’ டெஸ்டையும் ஐஜிஎம்மையும் தயவுசெய்து எடுக்காதீர்கள். புது எண், புதுச் சண்டை, அவ்வளவுதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் எந்த டெஸ்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புண், கொப்புளம் போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையே செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இலும், மறுபடி 2023இலும் சொல்லியிருக்கிறது. அவர்கள் போட்ட கணக்கைக் கேளுங்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு டைப் 2 இருக்கும் ஊரில் அறிகுறியே இல்லாத பத்தாயிரம் பேருக்கு டெஸ்ட் எடுத்தால், 1,485 பேருக்கு உண்மையான பாசிட்டிவ் வரும், 1,445 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். ஏறக்குறைய இரண்டில் ஒன்று பொய். நோய் இன்னும் குறைவாக உள்ள ஊரில் பொய்யின் பங்கு இதைவிட அதிகமாகும்.

ஆனாலும் வீட்டில் நிம்மதிக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது என்றால், லேபில் ‘டைப் 1 ஐஜிஜி தனி, டைப் 2 ஐஜிஜி தனி’ என்று கேட்டு, இருவரும் ஒரே லேபில் ஒரே நாளில் கொடுங்கள். வைரஸின் மேலுறையில் உள்ள கிளைகோபுரோட்டீன் ஜி என்ற புரதம் டைப்புக்கு டைப் வேறுபடும். அதை வைத்துத்தான் இந்த டெஸ்ட் இரண்டையும் பிரிக்கிறது. அந்த வழியைக் காட்டிய ஆராய்ச்சியிலும் அதே நாமியாஸின் பங்கு உண்டு. டைப் 1 பாசிட்டிவ், டைப் 2 நெகட்டிவ் என்று வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. எனக்கும் அதுதான் எதிர்பார்ப்பு.

டைப் 2 பாசிட்டிவ் என்று வந்தாலும் அவசரப்படாதீர்கள். எண் 1.1க்கும் 3க்கும் இடையில் இருந்தால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வேறு ஒரு முறையில் உறுதி செய்யாமல் அதை நோய் என்றே சொல்லக் கூடாது என்பதுதான் சிடிசியின் நிலை. உண்மையாகவே டைப் 2 என்று உறுதியானாலும், அது எப்போது வந்தது என்று ரத்தம் சொல்லாது. டைப் 2 பொதுவாக உடலுறவில் வருவதுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. டெஸ்ட் நெகட்டிவ் வந்த துணையிடமிருந்தே வந்திருக்கவும் கூடும், ஏனென்றால் தொற்றிய பிறகு ஆன்டிபாடி தெரியவே பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். அப்படி வந்தால் இருவருமாக ஒரு பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

ரத்தத்தைவிட நம்பகமான டெஸ்ட் ஒன்று இருக்கிறது, புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் நீர் எடுத்துச் செய்யும் பிசிஆர். எப்போதாவது பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ வந்தால், களிம்பு எதுவும் தடவாமல் ஓரிரு நாட்களுக்குள் போய்க் காட்டுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் வைரஸ் கிடைக்காமல் போகலாம். கர்ப்பம் பதிவு செய்தபோது ஹெச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி டெஸ்ட்கள் எடுத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அவை எடுக்க வேண்டிய டெஸ்ட்கள். ஹெர்பிஸ் பாசிட்டிவ் என்றால் ஹெச்ஐவி என்று உங்கள் மாமியார் யாரிடமாவது கேள்விப்பட்டிருந்தால், இரண்டும் வேறு வேறு வைரஸ் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அடுத்த குழந்தை. கண்டிப்பாக முயற்சி செய்யலாம். கர்ப்பத்தில் ஹெர்பிஸ் உண்மையிலேயே ஆபத்தாவது ஒரு சூழ்நிலையில்தான்: முன்பு தொற்றே இல்லாத தாய்க்குக் கடைசி மூன்று மாதத்தில் பிறப்புறுப்பில் புதிதாகத் தொற்றினால். அப்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பிறப்புறுப்பில் பழைய தொற்று இருக்கும் தாய்மார்களுக்கு அது 1 சதவீதத்துக்கும் கீழே, ஏனென்றால் தாயின் ஆன்டிபாடி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து காவல் நிற்கிறது. உங்களைப் பயமுறுத்திய அந்த ஐஜிஜி அந்தக் காவலின் பங்காளிதான். இருந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் உங்கள் மருத்துவரிடம் உதட்டுக் கொப்புளக் கதையைச் சொல்லிவையுங்கள். பிரசவ வலி வரும் நேரத்தில் பிறப்புறுப்பில் புண் இருந்தால் மட்டும் சிசேரியன் செய்வார்கள். குழந்தை பிறந்ததும், உதட்டில் கொப்புளம் இருக்கும் யாரையும், நீங்களாகவே இருந்தாலும், முதல் சில வாரங்களுக்குக் குழந்தையை முத்தமிட விடாதீர்கள். பச்சிளம் குழந்தைக்கு அந்த வைரஸ் உயிர்போகும் அளவு கடுமையாக வரலாம்.

நான்கு மாதம் கடந்துவிட்டது, மாதவிடாய் முறையாக வருகிறது என்றால் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்குங்கள், கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே சாப்பிட வேண்டியது அது. தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க அடுத்த முறை போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து இந்த ரிப்போர்ட்டைக் காட்டி, உதட்டுக் கொப்புளத்தையும் சொல்லி, இதற்கு என்ன பொருள் என்று கணவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.